மூன்று கட்டுமரங்களும் பதினைந்து நிமிடங்களும்

உங்கள் வீட்டு வாசலில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மோட்டார் சைக்கிள் போகிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? நான் எண்ணியிருக்கிறேன். செங்கல்பட்டில் என் வீட்டு வாசலில் நேற்று மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் இருநூற்றுப் பதினேழு. அதில் ஒன்று எதிர்வீட்டுக்கு முன்னால் நான்கு நிமிடம் நின்றது. ஓட்டிவந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. வண்டி எண்ணைக் குறித்து வைத்தேன். சாப்பாடு கொண்டுவந்த பையன் என்று பிறகு தெரிந்தது. குறித்த தாளை இன்னும் கிழிக்கவில்லை.

அறுபதைத் தாண்டிய உங்களில் சிலருக்கும் இந்தக் குணம் இருக்கலாம். வயதானால் சந்தேகம் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு அது பதினோரு வயதிலேயே வந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில், மகாபலிபுரத்தில், ஒரு சித்திரை, வைகாசி, ஆனி. அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் மொத்தம் மூன்று. ஒன்று டாக்டருடையது. இன்னொன்று சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவருடையது. மூன்றாவது, டூரிங் டாக்கீஸ் முதலாளி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பச்சை பெயின்ட் உரிந்து, அடியில் இருந்த மண்நிறம் தெரியும். உதைத்து ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு உதைக்கு இருமும், மூன்றாவதில் பிடிக்கும். அதன் பின்சீட்டை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் ஒன்று அடித்திருந்தார்கள். அதில் கட்டி வருவது சினிமாப் படப்பெட்டி.

இந்தப் பெட்டி விவகாரம் இன்றைக்குப் பலருக்கு மறந்திருக்கும். முதலாளிக்குக் கொட்டகை இரண்டு. திருக்கழுக்குன்றத்தில் ஒன்று, எங்கள் ஊரில் ஒன்று. படம் ஒன்றுதான். அங்கே ஆட்டத்தை முன்னால் ஆரம்பிப்பார்கள். நாலைந்து ரீல் ஓடி முடிந்ததும் அதைத் தகரப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் இங்கே அனுப்புவார்கள். இங்கே அது ஓடி முடிவதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று நடை. பெட்டி வரத் தாமதமானால் இங்கே திரை வெள்ளையாக நிற்கும். விசிலும் கெட்ட வார்த்தையும் பறக்கும். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று சண்டை வராமல் இருக்க, ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டுச் சீட்டு. புறப்படும் நேரத்தை அங்கே பென்சிலால் எழுதுவார்கள், வந்துசேரும் நேரத்தை இங்கே எழுதுவார்கள். டிக்கெட் கவுண்டரில் ஒரு கம்பியில் அந்தச் சீட்டுகளெல்லாம் கோத்திருக்கும்.

பெட்டியைக் கொண்டுவருகிறவரைப் பெட்டிக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இருபத்துநான்கு வயது, ஒல்லி. அம்மா வழியில் தூரத்து உறவு. அம்மாவின் தங்கை, என் சித்தி, பத்தாவது முடித்துவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுக்கும் பெட்டிக்காரருக்கும் கல்யாணப் பேச்சு வைகாசியில் முடிவாகியிருந்தது. ஆடி கழித்துத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. சித்திக்குச் சம்மதம் என்பது எனக்குத் தெரியும். மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தைத்துக்கொண்டிருக்கும் துணியில் ஊசி நின்றுவிடும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். பத்து எண்ணும்வரை நிற்கும்.

சம்மதம் இல்லாதவர் அப்பா ஒருவர்தான். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சினிமாவே பார்க்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பார்ப்பார், பார்த்துவிட்டு நம்பிவிடுவார். அந்தக் காலத்துப் படங்களில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் யார்? ஒன்று வில்லனின் ஆள், கறுப்புக் கண்ணாடி போட்டு, பெட்டியை மாற்றிக்கொண்டு போகிறவன். இல்லாவிட்டால் கதாநாயகன், அவன் காற்றாய்ப் பறந்து அந்தப் பெட்டியைப் பிடிக்கிறவன். அப்பாவுக்கு மூன்றாவது வகை மோட்டார் சைக்கிள்காரன் கிடையாது. எங்கள் கரை வேறு அப்போது கடத்தலுக்குப் பேர்போனது. படகில் கைக்கடிகாரம் வந்து இறங்குகிறது, டிரான்சிஸ்டர் வந்து இறங்குகிறது என்று கோவளம்வரை பேச்சு.

"தினமும் தகரப் பெட்டியோட இருட்டுல போய்ட்டு வர்றான். பெட்டிக்குள்ள ரீல்தான் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"கொட்டகையில அதத்தானே ஓட்டிக் காட்றாங்க," என்றாள் அம்மா.

"ஒரு பெட்டியில எத்தனை ரீல் வைக்கலாம், எத்தனை ரீல் வைக்கிறான், மீதி இடம் எவ்வளவு?" என்றார் அப்பா.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தி காபி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் கையை நீட்டி டம்ளரைத் தொடாமல் பக்கத்தில் தடவினார். பிறகு இடித்துக் கொட்டினார். கூடம் முழுவதும் காபி வாசனை. "மன்னிச்சுக்குங்க மாமா," என்று எழுந்தவர் வாசற்படியிலும் தடுக்கினார். அவர் போனதும் அப்பா சொன்னார்: "குடிச்சிருக்கான்." "வாடையே இல்லையே," என்றாள் அம்மா. "வாடை வராத மாதிரி குடிக்கிறான்," என்றார் அப்பா.

அதற்கு மறுநாள்தான் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கொட்டகை எங்கள் வீட்டிலிருந்து நானூற்று இருபது அடி. டிக்கெட் கிழிப்பவர் அப்பாவின் பழைய மாணவர். தினமும் போய் முந்தின நாள் சீட்டுகளைப் பார்த்து, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இரண்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவர வேண்டும். இந்த மாதிரி வேலைக்கென்றே பிறந்தவன் போல எனக்குச் சந்தோஷம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஐந்து வாரம் எழுதினேன். மாலை நடை நூற்றைந்து. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் உண்டு, கீற்றுச் சந்துகளை அடைக்கக் கறுப்புத் துணி கட்டுவார்கள். அந்தப் பகல் நடை பதினைந்து. ஆக மொத்தம் நூற்றிருபது.

நோட்டு கறையானுக்குப் போய்விட்டது. எண்கள் போகவில்லை. கழுக்குன்றத்திலிருந்து எங்கள் கொட்டகைக்குப் பதினைந்து கிலோமீட்டர். ஞாயிறு பகலில் இருபத்துநான்கு நிமிடத்தில் வந்துவிடுவார். மாலையில் முப்பத்தொன்பது, நாற்பது. பௌர்ணமியை ஒட்டி ஐந்து நாள் மட்டும் முப்பத்தொன்றில் வந்தார்.

அப்பா அந்தக் கணக்கைப் பார்த்த மாலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தில் விடை கிடைத்த சந்தோஷம்.

"பகல்ல இருபத்துநாலு. அப்ப வண்டியில குறை இல்ல, ரோட்டுல குறை இல்ல. இருட்டினா பதினஞ்சு நிமிஷம் கூடுது. பகல்ல நாலு பேர் பார்ப்பாங்க, நிறுத்த முடியாது. இருட்டுல நிறுத்துறான். நிலா வெளிச்சத்துல பயந்துகிட்டுக் கொஞ்ச நேரம்தான் நிறுத்துறான். சரியா வருதா?"

"வருதுப்பா," என்றேன். அத்தனை எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு கணக்குக்கு விடை பொருந்திவிட்டால் அதுதான் சரியான விடை என்று நான் நெடுநாள் நம்பினேன். சித்தி பக்கத்தில்தான் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

இனி ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் நெம்மேலிப் பக்கத்துக் கடற்கரையில் இரண்டு நாள் அதன் ஷூட்டிங் நடந்தது. கதாநாயகன் சிவப்புச் சட்டையும் காதுவரை கிருதாவுமாக மோட்டார் சைக்கிளில் வருகிறான். வில்லன் ஆட்கள் ஆறு பேர் ஆறு வண்டியில் துரத்துகிறார்கள். எதிரே மணலில் ஏழு கட்டுமரங்கள். அவன் சாய்வுப் பலகையில் ஏறி ஏழையும் தாண்டி அந்தப் பக்கம் போய் விழாமல் இறங்குகிறான். அந்த ஏழு மரங்களும் எங்கள் ஊர் மீனவக் குப்பத்து ஆட்கள் கொடுத்தவை. எது யாருடையது, எத்தனையாவதாகக் கிடந்தது என்று குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். உண்மையில் தாண்டியது கதாநாயகன் இல்லை, விக் வைத்த ஒரு சின்ன ஆள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே அதை மறந்துவிட்டார்கள். 'ஈரோவே தாண்டிச்சி, நான் பாத்தேன்' என்று சத்தியம் செய்தார்கள்.

படம் முதலில் செங்கல்பட்டில் வெளியானது. எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க அம்மா அங்கே கூட்டிப்போயிருந்தாள். பல் பிடுங்கிய அழுகையை நிறுத்த மாட்னி ஷோவுக்கு அழைத்துப்போனாள். வாயில் ரத்தம் தோய்ந்த பஞ்சு, லவங்க எண்ணெய் வாசனை, முன்வரிசையில் பீடிப் புகை. வண்டி தாண்டியது. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு. தியேட்டர் முழுக்க 'ஒன்ஸ்மோர்' என்று எழுந்து நின்றது. ரீலைச் சுற்றித் திரும்பப் போட்டார்கள். மறுபடி ஏழு. மறுபடி 'ஒன்ஸ்மோர்'. பஞ்சை எடுத்துவிட்டு நானும் கத்தினேன். மூன்று தடவை தாண்டியது. அம்மா மூன்று தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் சிகரெட் அட்டையைச் செருகிக்கொண்டு படபடவென்று சத்தம் எழுப்பிப் போனார்கள். இளவட்டங்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டினார்கள். அதனால் கஷ்டப்பட்டவர் பெட்டிக்காரர்தான். ஊருக்குள் அவர் வண்டி நுழைந்தால் பின்னாலேயே ஓடுவார்கள்.

"அண்ணாத்த, கொஞ்சம் பறந்து காட்டேன்!"

"இவுரு எங்க பறக்கறது? கட்ட வண்டி பின்னாடியே ஊர்ந்துகினு வர்றாரு."

"வண்டிக்கு மோட்டார் கீது, ஆளுக்கு மோட்டார் இல்ல மச்சான்!"

அவர் சிரித்துவிட்டுப் போவார். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. முந்தின நாள் செங்கல்பட்டிலிருந்து படத்தை எடுத்துவந்தவரும் பெட்டிக்காரர்தான். குப்பமே திரண்டு வந்தது. பெண்கள் மல்லிகை வைத்து, குழந்தைகளுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தார்கள். ஆறாவதாகக் கிடந்த மரத்தின் சொந்தக்காரர் ஒரு மீசைக்காரப் பெரியவர். கோவளத்திலிருந்து சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துப் பதினான்கு பேரைக் கூட்டிவந்து முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார். "ஆறாவது வரும் பாருங்க, அதான் நம்புளுது," என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி பலகை ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரை ஒரு வெட்டு வெட்டியது. வண்டி மணலில் ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தி வீட்டார் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் எழுந்தார். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவர் மீசையின் நிழல் திரை முழுவதும் விழுந்தது.

"எங்கடா என் மரம்?"

அன்றைக்கு ஆட்டம் முடியவில்லை. பெஞ்சு இரண்டு உடைந்தது. மறுநாள் காலை விசாரணை என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

காலை வெயிலில் கொட்டகையைப் பார்த்தால் வேறு இடம்போல இருந்தது. கீற்றுச் சந்துகளில் ஒளி கோடுகோடாக விழுந்து, மணலில் வேர்க்கடலைத் தோலும் நசுங்கிய மல்லிகையும் தெரிந்தன. முதலாளி நாற்காலியில். குப்பத்து ஆட்கள் முப்பது பேருக்குமேல். அப்பா நோட்டுடன் நின்றார். பெட்டிக்காரர் திரைக்கு முன்னால், கைகளைக் கட்டி நின்றார்.

முதலாளி முதலில் சமாதானமாகத்தான் பேசினார். "சினிமாக்காரன் ஏழு மரத்துல நாலைத்தான் எடுத்தானோ இன்னாவோ. நம்ம ஆள் இன்னா பண்ணுவான்?"

குப்பத்து ஆட்களும் அதைக் கேட்டுக் கொஞ்சம் தணிந்தார்கள். அது அங்கேயே முடிந்திருக்கும். என்னை முன்னால் தள்ளியவர் அப்பா.

"என் பையன் செங்கல்பட்டுல பார்த்திருக்கான். அவன் எண்ணுவான். கேளுங்க."

என்னைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினார்கள். மீசைக்காரப் பெரியவர் கிட்டே வந்தார். அவரிடம் கருவாடும் புகையிலையும் கலந்த வாசனை.

"தம்பி, பயப்படாம சொல்லு. நீ பாத்தசொல்லோ எத்தினி மரம்?"

"ஏழு."

"நல்லா எண்ணியா?"

"மூணு தடவை எண்ணினேன். மூணு தடவையும் ஏழு."

"இங்க நாலு கீது. அப்ப மூணு மரத்த வழியில எவனோ வெட்டிகினான்." அவர் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்ற நீ?"

பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குச் சுலபமாக இருக்கும்.

"தம்பி எண்ணினா சரியாத்தான் இருக்கும்," என்றார். "நான் வெட்டலீங்க. பெட்டிய நான் தெறக்கறதே இல்ல."

அப்பா நோட்டை விரித்தார். இருபத்துநான்கு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்று. எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னார். "பதினஞ்சு நிமிஷம். அது எங்க போவுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"எங்கயும் நிக்கலீங்க. மெதுவா வர்றேன்."

"மெதுவாவா? ஏன்?"

அவர் குனிந்து காலடி மணலைப் பார்த்தார்.

"மோட்டார் வச்சிகினு மெதுவா வர்றானாமே!" என்று யாரோ சொல்ல, முப்பது பேரும் சிரித்தார்கள். "அதுக்கு மாட்ட கட்டிகினு வர்லாமே நைனா!" மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போவதை நாங்கள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. எங்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பொய் ஒருவன் சொல்ல முடியாது.

வண்டியைச் சோதிக்கச் சொன்னார் முதலாளி. பக்கத்துப் பையில் ஸ்பானர் இரண்டு, கந்தல் துணி, ஒரு டால்டா டப்பா. திறந்தால் குழைத்த சுண்ணாம்பு. அதற்குள் தென்னை மட்டையை நசுக்கிச் செய்த ஒரு பிரஷ்.

"இது இன்னாத்துக்கு?"

"மரத்துக்குப் பூச," என்றார்.

"எந்த மரத்துக்கு?"

"ரோட்டோரப் புளியமரத்துக்கு. வளைவுல இருக்கறதுக்கு மட்டும்."

அவ்வளவுதான். அடையாளம் போடுகிறான், கரையில் இறங்கும் சரக்குக்கு வழி காட்டுகிறான் என்று நாலாபக்கமும் குரல் எழும்பியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நெடுஞ்சாலைக்காரர்கள் என்றோ பூசி அழிந்துபோன பட்டையின் மேல் ஒருவன் ஏன் தன் கையால் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று அங்கே இருந்த படித்தவர் ஒருவரும் யோசிக்கவில்லை. அதைவிட எளிது ஒன்று இருந்தது. கழுக்குன்றத்துக் கொட்டகையிலும் அதே பிரதிதான் எங்களுக்கு முன்னால் ஓடியது. அங்கே எத்தனை மரம் தெரிந்தது என்று ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருந்தால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெட்டவில்லை என்றாவது தெரிந்திருக்கும். பதினைந்து கிலோமீட்டர். யாரும் போகவில்லை.

முதலாளி கையை நீட்டினார். பெட்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, வெயிலுக்குள் இறங்கி, நேராக பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். பட்டப்பகல். வேகமாகத்தான் நடந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பா கல்யாணப் பேச்சு முடிந்தது என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சரிங்க மாமா," என்றாள். கல்லைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தாள். அன்று சோற்றில் கல் எதுவும் இல்லை. நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஐப்பசியில் அவளை அரக்கோணத்துப் பக்கம் ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். சைக்கிள் வைத்திருந்தார்.

பத்துப் பதினோரு வருடம் கழித்து எனக்குச் செங்கல்பட்டில் உத்தியோகம். ஆபீசுக்கு எதிர் டீக்கடைக்கு ஒரு வயதானவர் வருவார். தியேட்டரில் முப்பது வருடம் ஆப்பரேட்டராக இருந்தவர், விரல் நுனியெல்லாம் பிலிம் ஒட்டும் பசையால் வெந்து வெளுத்திருக்கும். பேச்சு எப்படியோ அந்தப் படத்துக்கு வந்தது.

"அந்த மோட்டார் சைக்கிள் தாண்டற சீனா? அய்யய்ய, அது ஒரு பேஜாரு சார். ஒரு நாளிக்கி மூணு ஷோ, ஷோவுக்கு ரெண்டு வாட்டி மூணு வாட்டி ஒன்ஸ்மோர். போடலன்னா சீட்ட கிழிப்பானுங்க. ரிவைண்ட் பண்ணிப் பண்ணி அந்த எடம் நைஞ்சி பூட்ச்சி. ஒரு வாட்டி அறுந்தா நாலு விரக்கட வெட்டிட்டுத்தான் ஒட்டணும். எத்தினி வாட்டி அறுந்துது! கடசியில மூணு மரம் காணோம். கழுக்குன்றத்துக்குப் பெட்டி போறசொல்லோ நாலுதான் இருந்துது."

டீ ஆறிப்போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று மரத்தையும் தின்றவர்கள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு நின்று கத்தியவர்களில் ஒருவன் அதே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்றிருந்தார். முழுவதும் கேட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் உடைந்துபோவார் என்று பயந்தேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

"அப்ப அந்தப் பதினஞ்சு நிமிஷம்?" என்றார்.

என்னிடமும் அந்தக் கேள்விதான் மீதியிருந்தது. மரத்தை அவர் வெட்டவில்லை, சரி. சுண்ணாம்பு? இருட்டு? இத்தனை எண் பொருந்தும்போது ஏதோ இருந்திருக்க வேண்டுமே என்று நானும் நினைத்தேன். இன்னும் பல வருடம் அப்படியே நினைத்தேன். ஒருவன்மேல் விழுந்த குற்றம் போனாலும் சந்தேகம் தனக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குச் சித்தி வந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். பந்தி முடிந்து, மத்தியானத்தில் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தார்கள். சித்தி கூடத்துத் தூணில் சாய்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பெருமையை ஏதோ பேசிக்கொண்டு வந்தவன், ஆப்பரேட்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். முதல் தடவையாக.

"அவரு வெட்டலன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

"அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் சித்தி, இன்னும் புரியல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் என் சட்டையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி.

"மாலைக்கண்ணுடா. பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு தெரியாது. பகல்ல ராஜா மாதிரி ஓட்டுவாரு. இருட்டிட்டா வண்டி வெளிச்சத்துல வெள்ளையா இருக்கறது மட்டும் கொஞ்சம் தெரியுமாம். அதுக்குத்தான் மரத்துக்குச் சுண்ணாம்பு. ஒரு மரத்தப் பாத்து அடுத்த மரம், அதப் பாத்து அதுக்கடுத்த மரம். தெரியலன்னா நிறுத்திட்டு நிப்பாரு, ஏதாவது கட்டை வண்டி வர்றவரைக்கும். நிலா இருந்தா கொஞ்சம் சுலபம்."

நூற்றிருபது நடையும் என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இருபத்துநான்கு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காப்பிய கொட்டினாரே, அன்னைக்கு. நீங்க குடிச்சிருக்கார்னு பேசிக்கிட்டிருந்தீங்க. நான் கெணத்தடிப் பக்கமா போயி கேட்டேன். சொன்னாரு. ஆபரேட்டர் லைசென்ஸ் கெடைச்சா ராத்திரி வண்டி ஓட்ட வேண்டியதில்ல, ஒரு வருஷம் பொறுத்துக்கன்னாரு."

"விசாரணையில சொல்லியிருக்கலாமே! நிரபராதின்னு ஆகியிருக்குமே!"

"சொன்னா?" சித்தி வெற்றிலையை மடித்தாள். "திருடன்னு பேரு வந்தா வேற ஊருக்குப் போயி பொழைச்சுக்கலாம். கண்ணு தெரியாதவன்னு பேரு வந்தா எந்த ஊர்ல எவன் வண்டி குடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்? அத யோசிச்சுத்தான் வாய மூடிக்கிட்டு நின்னிருப்பாரு. அப்புறம் நான் பாக்கல. எதோ ரைஸ் மில்லுல பகல் வேலை பாக்கறதா ஒருதடவ கேள்விப்பட்டேன்."

நான் சின்னப் பையன் மாதிரி, "நான் எண்ணினது தப்பா சித்தி?" என்றேன்.

"எண்ணினதுல தப்பே இல்ல. எல்லாம் சரியாத்தான் எண்ணின." அவள் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஆனா பதினஞ்சு நிமிஷம் எங்கன்னு முதலாளியக் கேட்டீங்க, குப்பத்து ஆளுங்களக் கேட்டீங்க, பெஞ்சு மேல ஏறி ஊரையே கேட்டீங்க. ரெண்டடி தள்ளி உக்காந்து பொத்தான் தச்சிக்கிட்டு இருந்தேன். கட்டிக்கப் போறவ. என்னை ஒருத்தர் கேட்டீங்களா?"

வெளியே பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்திருந்தார்கள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றேன்.

சித்தி வெகுநேரம் யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

"தெரியலடா," என்றாள். "கேட்டிருந்தாத்தானே எனக்கே தெரிஞ்சிருக்கும்."